கருமாதி முடிந்த மரகதம் திரும்பி வந்த படலம்

வாழ்க மங்கம்மாள்! முகிலுக்கும் மேலே முதுகு நிமிர்த்தி நிற்கும் ஜவ்வாது மலைநாட்டில், ஜமுனாமரத்தூரில் பஸ் நின்று, பஸ் நின்ற இடத்தில் தார்ச்சாலையும் நின்று, அதற்கப்பால் புளியந்தோப்பும் சாமைக்கொல்லையும் கடந்து கால்கடுக்க நடந்தவர்க்கு மட்டுமே காட்சிதரும் சிற்றூரின் செல்வி. காட்டுப்பன்றியைக் குரலாலேயே விரட்டியவள். கரடிக்கு வழிவிடாதவள், கரடியே வழிவிடப் பெற்றவள். சந்தையில் புளிக்கு விலை குறைத்துக் கேட்டவனை அவன் பாட்டன் பெயர்வரை சேர்த்து ஏசிய நாவன்மை நாச்சி. கவிழ்த்துப்போட்ட மர உரல்மேல் கொலுவீற்றிருந்து, ரிமோட் ஏந்திய திருக்கரத்தால் தன் வீட்டு டிவியையும் அதைப் பார்க்க வந்த ஊரையும் ஒருசேர ஆண்டவள். அவள் வாழ்க, அவள் உரல் வாழ்க, அவள் சொல் வாழ்க!

ரிமோட்டின் வயிற்றுக்குள் தலைமாறிப் படுத்திருக்கும் இரட்டைப் பேட்டரித் தெய்வங்களே! மொட்டைமாடியில் வான்நோக்கித் தவம்கிடக்கும் டிஷ் என்னும் ஒற்றைக்கண் முனியே! கம்பத்துக்குக் கம்பம் தாவிவந்து, காற்று தும்மினால் காணாமற்போகும் மின்சாரம் என்னும் மாயக்காரியே! காத்தருளுங்கள். இந்தக் கதை முடிகிறமட்டுமாவது கூட நில்லுங்கள்.

கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். இது அழவேண்டிய கதை. நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். கதையில் வருகிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

‘மரகதக் குடும்பம்’ என்றொரு தொடர் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பெருமையை எந்த வாயால் சொல்வேன்! அங்கே பட்டுடுத்திப் படுத்துப் பட்டுடுத்தி எழுவார்கள். சாணி அள்ளுவாரில்லை, சட்டி கழுவுவாரில்லை, விறகுக்குப் போவாரில்லை. ஆனாலும் வேளாவேளைக்கு எட்டுவகைக் கறி மேசைமேல் தானாக முளைக்கும். அதை ஒருவரும் தின்னமாட்டார்கள். தின்ன உட்காரும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் “என்ன!” என்பார். திங்கட்கிழமை புறப்பட்ட அந்த “என்ன”, ஒவ்வொரு முகத்திலும் மும்முறை மோதி, முகத்துக்கு ஓர் இடி இடித்து, புதன்கிழமை போய் விழும். அதுவரை சோறு ஆறிக்கொண்டிருக்கும். இந்த அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அனாதைப் பெண்தான் மரகதம். ஆற்றுநீராய் அழுதாலும் கண்மை கரையாத கற்பகம். அவளைக் கொல்வதற்கென்றே விடியலில் எழுந்து வடையளவு பொட்டு வைத்துக்கொள்ளும் மாமியார் ஆதிலட்சுமி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆதிலட்சுமியின் சூழ்ச்சியால் மரகதத்தின் கார் பள்ளத்தில் உருண்டது. படத்துக்கு மாலை போட்டார்கள், பக்கத்தில் சின்ன பல்பு எரிந்தது, கைகூப்பி ‘நன்றி, வணக்கம்’ என்று எழுத்து ஓடியது. கதை முடிந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம்.

அந்த ஊர் அப்படி நினைக்கவில்லை.

அந்த ஊரில் ஓர் உயிர் போனால், அது போனதென்று முதலில் சொல்லவேண்டியவள் மங்கம்மாள். அவள் வந்து, குனிந்து, மூக்கில் விரல்வைத்துப் பார்த்து, “ஆச்சு” என்ற பிறகே அழுகை எழும்பும், பறை எழும்பும், ஆள் அனுப்புவார்கள். அவள் சொல்லாமல் அங்கே ஒருவரும் செத்ததில்லை. அவள் சொன்ன பிறகு ஒருவரும் எழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் அன்று உரலைவிட்டு எழுந்து, டிவிக்கு முன் குனிந்து, மாலைபோட்ட படத்தை உற்றுப்பார்த்து, “ஆச்சு” என்றாள்.

அவ்வளவுதான். ஊரே மார்பில் அடித்துக்கொண்டது. பதினாறாம் நாள் கருமாதி. பிறந்த வீடு இல்லாத பெண்ணுக்குக் கோடித்துணி யார் போடுவது என்று கேள்வி வந்தபோது, “நான் போடறேன். நான்தான் அவளுக்குத் தாய்வூடு” என்று சந்தைக்குப் போய்ச் சிவப்புக்கரைச் சேலை வாங்கிவந்து, டிவிப்பெட்டியின் தலையில் போர்த்தியவள் மங்கம்மாள். சாமைச்சோறு வெந்தது, அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்தது, அதிரசம் சுட்டார்கள். படத்தில் செத்தவளுக்கு நிஜத்தில் படைத்து, நிஜமாகவே தின்றார்கள். மங்கம்மாளின் ஓரகத்தி சசிகலா இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினாள் என்பதை இங்கே சொல்லி முடிந்துவைக்கிறேன், பின்னால் அவிழ்ப்போம்.

இனி சசிகலாவைப் பாடவேண்டும். மங்கம்மாளின் கணவன் மாதையனின் தம்பி பெண்டாட்டி, சிற்றிடைச் சிறுத்தை, சிரித்தபடியே கடிப்பதில் செவ்வெறும்புக்குச் சித்தி. மங்கம்மாளின் சபையில் அவளுக்கு விதிக்கப்பட்ட இடம் வாசற்படியோரம். பனிக்காற்று அவள் முதுகைத்தான் முதலில் விசாரிக்கும். கட்டிப்போட்ட வெள்ளாடு அவள் முந்தானையைத்தான் தழையென்று நினைக்கும். டிவியில் தெரிவதில் பாதி, முன்னால் இருப்பவர்களின் கொண்டை. ஆண்டாண்டாய் அந்தப் படியோரத்தில் அமர்ந்து, உரலையே பார்த்து வளர்ந்தது அவள் பகை.

ஒரு சந்தை நாளில் உப்பு வாங்க ஜமுனாமரத்தூர் போன சசிகலா, உப்பு வாங்காமலே மூச்சிரைக்க மலையேறி வந்தாள். மங்கம்மாள் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! மரகதம் சாவல!”

முறம் நிற்கவில்லை. “யாருடி சொன்னது?”

“டீக்கடை டிவில காட்டுனான். மரகதம் மறுபடியும் வர்றாளாம். நானே பாத்தேன். காலு வந்துச்சு.”

“காலு வந்துச்சா? மீதி எங்க?”

“மீதி திங்கக்கெழம வருதாம்.”

முறம் நின்றது.

கேளுங்கள் கண்ணுகளா, அந்த நொடியில் மங்கம்மாளின் நெஞ்சுக்குள் நடந்ததுதான் முதற்போர். மலைத்தேன்கூட்டில் கல்பட்டாற்போல் உள்ளே ஆயிரம் இறக்கைகள் அடித்தன. மூன்று ஆண்டுகளாக அந்தக் கோடிச்சேலையை உதறி மடித்துப் போர்த்தும்போதெல்லாம், “எங்கடி விழுந்த நீ? தண்ணி குடுக்கவாவது ஆளு இருந்துச்சா?” என்று பெட்டியைக் கேட்டுவந்தவள் அவள். இது அவள் கணவன் மாதையன் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவரோ கல்லைவிடக் குறைவாகப் பேசுகிறவர். மரகதம் உயிரோடிருக்கிறாள்! சாமையை வாரி இறைத்துவிட்டுக் குதிக்கலாம்போல் இருந்தது அவளுக்கு.

குதிக்க முடியுமா? மரகதம் சாகவில்லையென்றால் மங்கம்மாளின் “ஆச்சு” பொய். ஒருமுறை பொய்த்த “ஆச்சு” மறுமுறை எடுபடுமா? நாளை ஊரில் ஒரு சாவு விழுந்தால், அவள் குனிந்து நிமிர்வதற்குள் எவளாவது, “நெசமாவே போய்ட்டாரா, இல்ல மரகதம் மாதிரியா?” என்பாள். அந்த எவள் எவளென்று மங்கம்மாளுக்குத் தெரியும். எதிரே உப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“பொணம் கெடைக்கலன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல அக்கா,” என்றாள் சசிகலா, தேன்தடவி.

“சாவாதவளோட கருமாதிக்கா ரெண்டாந்தடவ கொழம்பு கேட்டு வாங்கின?”

சசிகலாவின் முகம் சுருங்கி, உடனே விரிந்தது. “கொழம்பு நல்லா இருந்துச்சுக்கா. சாவுதான் சரியில்ல.”

அப்போதுதான் மங்கம்மாள் முறத்தை வீசிவிட்டு எழுந்து, அந்த மலையே கேட்கப் பிரகடனம் செய்தாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு காலத்தில் குடகுமலைக் காப்பித் தோட்டத்துக்குப் போன ஒருவன், செத்தானென்று சேதி வந்து, கருமாதியும் முடிந்த பின் உயிரோடு வந்து நின்றானாம். கருமாதி கண்டவன் முன்வாசலை மிதித்தால் குடும்பத்துக்கு ஆகாதென்று, கூரையைப் பிரித்து, அவனைக் குழந்தைபோல் உள்ளே இறக்கி, மஞ்சள்நீர் தெளித்து, வேறு பெயர் வைத்தார்களாம். அதுமுதல் அதுவே சட்டம். செத்தவர் திரும்பலாம், ஆனால் செத்தது செத்ததுதான். திரும்புவது புதுப்பிறப்பு.

“கருமாதி முடிஞ்சவ முன்வாசல்ல வரக்கூடாது! எவளா இருந்தாலும் வரக்கூடாது!” என்று முழங்கினாள் மங்கம்மாள். “மரகதம் முன்வாசல்ல நேரா நொழைஞ்சா, நான் சொன்னது பொய். அந்த ஒரல நீ எடுத்துக்க. நொழையலன்னா, சாவறவரைக்கும் நீ அந்த ஆட்டுகூடவே குந்திகினு பாரு!”

“சரிக்கா,” என்றாள் சசிகலா. நாலெழுத்து, ஆனால் அதில் நானூறு படி மிளகாய் அரைத்திருந்தது.

சேதி பரவியது. குடிநீர்க் குழாய் வறண்டு மாதக்கணக்கில் காற்று மட்டும் வந்த காலத்தில் கூடாத ஊர், அன்று கூடியது. நிலப் பட்டாவுக்கு மனுக் கொடுக்கக் கூப்பிட்டபோது கொல்லையில் வேலை என்றவர்கள், கொல்லையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கூடியவர்கள் இரு படையாய்ப் பிரிந்தார்கள். முன்வாசல் படை, கூரைப் படை. “பழைய மரகதமா நடிச்சவளுக்குக் கல்யாணம் ஆய்ட்டுதாம், இது வேற பொண்ணு” என்றொரு கூட்டம். “அதெல்லாம் இல்ல, பள்ளத்துல விழுந்து மூஞ்சி பேந்துபோச்சு, டாக்டருங்க வேற மூஞ்சி வெச்சுட்டாங்க” என்றொரு கூட்டம். “நான் சீரியலே பாக்கறதில்ல” என்று தொடங்கி, ஆதிலட்சுமியின் கொழுந்தன் மகள் பெயர்வரை தப்பாமல் சொன்ன ஆண்சிங்கங்கள் சிலர். பருவத்துக்கு மழை வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மரகதம் வருவாளா என்று கேட்டார்கள். வெட்கம் என்ற ஒன்று அந்த மலைக்கு பஸ் ஏறி வந்திருந்தால், அன்றே இறங்கிப் போயிருக்கும்.

வழக்கு ஊர் மூப்பர் வீரனிடம் போனது. அவர் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரோ என்று தொட்டுப்பார்க்கப் போன வேளையில் வாய் திறந்தார்.

“மரகதத்துக்கு வூடு எது?”

கேட்டவரே விடையும் சொன்னார்.

“பொட்டிதானே அவளுக்கு வூடு? கூரையைப் பிரிக்கலாம்னா மங்கம்மா வூடு தொகுப்பு வூடு, காங்கிரீட்டு. அதனால, அவ வர்ற நேரத்துக்குப் பொட்டிய முன்வாசல்ல வெளிய எடுத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சி, வூட்டச் சுத்தி, பின்வாசல்ல உள்ள கொண்டாங்க. நம்ம சாங்கியம் முடிஞ்சுது. அப்பால பொட்டிக்குள்ள அவ எப்படி வர்றாளோ, அது அவபாடு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எத்தன மணிக்குப் போடறான்?” என்றார்.

திங்கள் வந்தது. அந்திச் செக்கர் அணைந்து, மலைமேல் பனி இறங்கியது. போர்வை போர்த்தியோர், குல்லாய் கவிழ்த்தோர், பிள்ளையை இடுக்கியோர், பலாக்கொட்டை சுட்டு மடியில் கட்டியோர் என அலையலையாய் வந்தது சேனை. தொடர் தொடங்கும் ஏழரை மணிக்குச் சற்று முன், மாதையன் டிவியைத் தூக்கினார்.

அந்தக் காட்சியைப் பாட எனக்கு இன்னொரு நாக்கு வேண்டும். கோடிச்சேலை போர்த்திய பெட்டியை மார்போடணைத்து, தாலி ஏறப்போகும் மணமகளைத் தாய்மாமன் தூக்குவதுபோல் அவர் முன்வாசலால் வெளிப்பட, பின்னால் கறுப்பு ஒயர் பாம்பாய்ப் புரள, சசிகலா அதை மிதிக்க, மங்கம்மாள் சீற, ஆடு கத்த, மூப்பர் தடுக்கி விழாமலிருக்க ஆட்டையே பிடித்துக்கொள்ள, முற்றம் போர்க்களமாயிற்று. மங்கம்மாள் ஒரு செம்பு மஞ்சள்நீரைத் தலைக்குமேல் உயர்த்திக் கவிழ்க்கப்போனாள். அப்போது, கல்யாணமான நாள்முதல் மறுத்துப் பேசியறியாத மாதையன் தம் வாழ்நாளின் முதற்பிரகடனத்தைச் செய்தார்:

“ஊத்தாத. தெளி.”

தெளித்தாள். வீட்டைச் சுற்றினார்கள். பின்வாசல் குறுகலாய் இருந்ததால் பெட்டி பக்கவாட்டில் நுழைந்தது. அது தலைகீழாய் நுழைந்தால் பாவமா என்று ஒருவர் மூப்பரைக் கேட்க, கேட்டவரை வெளியே நிறுத்தினார்கள். பெட்டி பீடத்தில் அமர்ந்தது. ஒயரைச் செருகினார்கள். கோடியை விலக்கினார்கள். மங்கம்மாள் உரலில் ஏறினாள். ரிமோட்டை நீட்டினாள்.

நீலத்திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது.

ஒயர் இழுபட்டதில் மாடியில் ஒற்றைக்கண் முனி வேறு திசைக்குத் தவம் மாறியிருந்தது. மாதையன் இருட்டில் ஏணி ஏறினார். அதன்பின் மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையே நடந்த உரையாடல் இது:

“வந்துச்சா?”

“வர்ல!”

“இப்ப?”

“எவனோ கோட்டு போட்டவன் வர்றான்!”

“இப்ப?”

“கோட்டுக்காரன் போய்ட்டான்! எறும்பு வருது!”

“மாமா, அதே கோட்டுக்காரன் பக்கமே திருப்பு, பக்கத்துலதான் கீது!” என்று படியோரத்திலிருந்து சசிகலா கூவினாள். இந்த ஓர் இடத்தில் மட்டும் இரு படையும் ஒரே படையாய் இருந்தன. விளம்பரங்கள் கழிந்தன, வினாடிகள் கழிந்தன. காணாமற்போன காட்சிகளுக்காக ஆளுக்கொரு பெருமூச்சு கழிந்தது. கடைசியில் எறும்புப்படை சிதறி, அதன் நடுவிலிருந்து, மழையில் நனைந்த முற்றத்தில், மெட்டியும் கொலுசும் அணிந்த இரு கால்கள் எழுந்தன.

“காலு!” என்றது சபை.

ஜல் என்று ஓரடி. இடி. ஆதிலட்சுமியின் முகம், கொழுந்தன் முகம், கொழுந்தன் பெண்டாட்டி முகம், வேலைக்காரி முகம். மீண்டும் ஜல் என்று ஓரடி. நடக்கத் தெரிந்த ஒரு பெண் நாலு எட்டில் கடக்கும் முற்றத்தை மரகதம் ஒரு யுகமாய்க் கடந்தாள். கால் மேலேறி முகமாயிற்று. பழைய முகம் இல்லை. கன்னம் உப்பிய ஏதோ ஒரு புதுப்பெண். “இது அவ இல்ல” என்று ஒருவர் தொடங்கினார். அதற்குள் அவள் கண் நிறைந்து வழிந்தது; மை கரையவில்லை. “அவதான்” என்று அடங்கினார்.

மரகதம் வாசலுக்கு வந்தாள். முன்வாசல். வலதுகாலைப் படிக்கு மேலே தூக்கினாள். சசிகலாவின் கண்கள் உரலை ஏறக்குறைய தூக்கிவிட்டிருந்தன.

அப்போது ஆதிலட்சுமி குறுக்கே கைநீட்டி இடியாய் முழங்கினாள்: “நில்! கருமாதி முடிஞ்சவளுக்கு இந்த வீட்டு முன்வாசல் கிடையாது!”

மங்கம்மாளின் சொல்! முறத்தை வீசிவிட்டு முழங்கிய அதே சொல், பொருள் பிசகாமல், எங்கோ பட்டணத்தில் பட்டுடுத்தி நிற்பவளின் வாயிலிருந்து! எல்லாத் தலைகளும் உரலை நோக்கித் திரும்பின. மூப்பர் மெல்லத் தலையாட்டினார். சசிகலாவின் நிறம் சுட்ட பலாக்கொட்டைத் தோலாயிற்று. வென்றாள் மங்கம்மாள்! அவள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வாயைமூடி உட்கார்ந்திருந்தால் போதும். உரலும் அவளுடையது, “ஆச்சு” என்ற சொல்லும் அவளுடையது, மலையும் அவளுடையது.

ஆனால் மங்கம்மாள் சபையைப் பார்க்கவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி, கீழே வைக்க இடமில்லாமல், அந்தக் கன்னம் உப்பிய பெண் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிலட்சுமியின் நீட்டிய கையைப் பார்த்தாள். அந்தக் கையில் ஒரு முறம் மட்டும்தான் குறை.

உரல் கிறீச்சிட்டது. மங்கம்மாள் எழுந்து நின்றாள்.

“அடியே ஆதிலட்சுமி! யாருடி நீ அவள நில்லுன்னு சொல்ல? போக எடமில்லாத பொண்ணுடி அது! கருமாதி பண்ணவ நானு, கோடி போட்டவ நானு, நான் சொல்றேன் அவ சாவல! நீ வா தாயி! இன்னா பயம்? முன்வாசல்லயே வா, நேரா வா, அவ கைய ஒடச்சிட்டு உள்ள வா!”

தூக்கிய கால் அப்படியே உறைந்தது. ‘தொடரும்’ என்று எழுத்து விழுந்தது.

சொன்னது என்னவென்று மங்கம்மாளுக்கு உறைக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. உறைத்ததும் அவள் தன் படையைப் பார்த்தாள். படை தரையைப் பார்த்தது. மாடியிலிருந்து, நடந்தது அறியாத மாதையனின் குரல் மட்டும் இறங்கி வந்தது: “இப்ப வந்துச்சா?”

“வந்துட்டா,” என்றாள் மங்கம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சசிகலா எழுந்தாள். கேலி செய்வாளென்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் முந்தானையால் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகு, துளியும் இரக்கமில்லாமல் கேட்டாள்:

“அக்கா, ஒரலு?”

“எடுத்துக்க.”

இப்படியாக, முடியாட்சி மாறியது. கோட்டை விட்ட கோமகளாய், ஆனால் குனியாத கழுத்தளாய், மங்கம்மாள் நடந்துபோய் வாசற்படியோரத்தில் ஆட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்து, வெகுநாளைக்குப் பின் மகளைக் கண்ட தாய்போல் உள்ளுக்குள் இனித்துக் கிடக்க, உரலேறிய புத்தரசி சசிகலா கால்மேல் கால் போட்டு ரிமோட்டை வாளென ஏந்தி, நாளை அந்தியில் ஒருவரும் பிந்தலாகாது, பிந்தினோர்க்கு இடமில்லை, பலாக்கொட்டை கொண்டுவந்தோர் அரசிக்கு முதலில் அளிக்கக் கடவர் என ஆணைகள் பிறப்பிக்க, முன்வாசல் படை ஆர்ப்பரிக்க, கூரைப் படையும் வெட்கமின்றி அதிலேயே போய்ச் சேர, தூக்கிய அந்தத் திருவடி ஆதிலட்சுமியின் கையைத் தாண்டிப் படிக்கு அப்பால் விழுமா இப்பால் விழுமா என்று ஜவ்வாது மலையின் மரமும் மட்டையும் கரடியும் காட்டுப்பன்றியும் கண்ணிமையாது காத்திருந்தன.

மறுநாள் கரண்ட் இல்லை.